இரண்டு பக்கமும் தொப்பி

உடுவிலில் பிறந்தவன் இசையைத் தேடி எங்கும் போகவேண்டியதில்லை. காங்கேசன்துறை வீதியில் தெற்கே இறங்கினால் இணுவில். நாதஸ்வரமும் தவிலும் தலைமுறைகளாகக் கேட்ட ஊர், தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் குடும்பம் வேரூன்றிய மண். மருதனார்மடத்தில், அப்போது இராமநாதன் நுண்கலைக் கழகம் எனப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பிரிவு. ஊருக்குள் 1824இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய மகளிர் கல்லூரி, அதற்கு அருகே தேவாலயத்துப் பாட்டு. நானும் சின்ன வயதில் மிருதங்கம் பழகினேன். ஆனால் என் மனம் போய் ஒட்டிக்கொண்டது மெற்றல் இசையில். நெடுங்காலம் இதை ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை. தவில் கேட்டு வளர்ந்த காதுக்கு இரைகிற கிற்றார் எதற்கு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கொழும்பில் ஸ்டிக்மாட்டா என்ற மெற்றல் குழு இருந்தது. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா, வேதாந்தத்தையும் வடமொழிச் சுலோகங்களையும் மெற்றலுக்குள் கொண்டுவந்திருந்தது. அவற்றைக் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டுப் பின்னறையில் நான் செய்வதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்ற துணிவு வந்தது.

நியாயம் இருந்தது, ஒலி இருக்கவில்லை. என்னிடம் இருந்தது 20 வாட் அளவுள்ள ஒரு சின்ன அம்ப். ஒற்றை வால்வு, 15 வோல்ற் அடப்ரரில் ஓடுவது. ரொறன்ரோவிலிருந்து மச்சாள் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தாள். ஸ்பீக்கர் பெட்டியை ஊர்த் தச்சர் பலகையில் அடித்துத் தந்தார், உள்ளே 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. கிற்றாரின் ஆறாம் கம்பியை இரண்டு சுரம் இறக்கி டிறொப் சி-யில் வைத்து, கெயினைக் கூட்டி, உள்ளங்கையின் ஓரத்தால் கம்பிகளை அமத்திக்கொண்டு வேகமாக அடிப்பேன். நான் கேட்க விரும்பியது தனித்தனியாக விழும் அடிகள். வந்தது ஒரே உறுமல். ஓர் அடி முடியுமுன்னே அடுத்த அடியின் மேல் போய் விழும். கூரைத் தகரம் அதிரும், ஆனால் என்ன வாசிக்கிறேன் என்று பக்கத்தில் நிற்பவனுக்கே விளங்காது.

அந்த நாட்களில் ஒரு மாலை, அம்மாவின் வழியில் மாமாமுறையான ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இணுவில்காரர், ஆயுள் முழுக்கத் தவில் வாசித்தவர். விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து பின்னறை வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

“உது என்ன தம்பி, ரெண்டு பக்கமும் தொப்பியாக் கிடக்கு? வலந்தலை எங்கை?”

தவில் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தவிலின் தொப்பிப் பக்கத்தைத் தளர்வாக வைத்துக் கழியால் அடிப்பார்கள், அடிநாதம் அங்கிருந்து வரும். வலந்தலையைக் கல்லுப்போல இறுக்கி, விரல்களில் கூடு மாட்டி வாசிப்பார்கள், சொல் பிறப்பது அங்கே. “தொப்பி உறுமட்டும். ஆனா சொல்லு விழவேணுமெண்டால் வலந்தலை இறுகி நிக்கவேணும்” என்றார் மாமா. மின்சாரக் கிற்றார் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. என் சிக்கல் இன்னதென்று அவரைப்போல வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஏன் அப்படி ஆகிறது என்பதற்குப் பௌதிகவியலில் விடை உண்டு. ஹை கெயின் அம்ப் செய்வது, வருகிற சின்னச் சமிக்ஞையைப் பல மடங்கு பெருப்பித்து, அலையின் உச்சிகளை வெட்டித் தட்டையாக்குவது. அந்த வெட்டில்தான் கர்ச்சனை பிறக்கிறது. கிற்றாரின் ஆறாம் கம்பி வழமையான சுருதியில் 82 ஹேர்ட்ஸ், டிறொப் சி-யில் 65 ஹேர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. தடித்த கம்பி, பெரிய அசைவு, ஆகவே சக்தியும் அதிகம். அந்தக் கீழ் மீடிறன்கள் அம்பின் முதற் படியிலேயே இருக்கிற இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்கின்றன. மேலே இருக்கிற மெல்லிய ஒலிகள் அவற்றோடு சேர்ந்து நசுங்குகின்றன. இரண்டு மீடிறன்கள் ஒன்றாக வெட்டுப்படும்போது அவற்றின் கூட்டுத்தொகையிலும் வித்தியாசத்திலும் புதிய மீடிறன்கள் வேறு முளைக்கும், அவை இசையோடு ஒட்டாதவை. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு அம்பிலோ மிக்சரிலோ பேஸைக் குறைத்தால் ஒலி மெலியுமே தவிரத் தெளியாது. குழம்பல் உண்டாவது வெட்டு நடக்கிற இடத்தில். ஆகவே பேஸைக் குறைக்கவேண்டியது அதற்கு முன்னால்.

முன்னால் குறைப்பதற்கு உலகமெங்கும் மெற்றல் கிற்றார்காரர்கள் கையாளும் வழி, அம்புக்கு முன்னே ஓர் ஓவர்டிறைவ் பெடல். இதிலே ஒரு விசித்திரம் உண்டு. ஓவர்டிறைவ் என்றால் இரைச்சலைக் கூட்டும் பெட்டி என்று கடைக்காரரே சொல்வார். இங்கே அதன் டிறைவ் திருகியைப் பூச்சியத்தில் வைத்து, லெவலை முழுதாகத் திறந்துவிடுகிறோம். இரைச்சலை அம்ப் பார்த்துக்கொள்ளும். பெடல் செய்யும் வேலை வேறு.

அந்த வேலையைப் புரிந்துகொள்ள ரியூப் ஸ்கிறீமர் என்ற ஓவர்டிறைவ் பெடலைத் திறந்து பார்க்கவேண்டும். ஜப்பானின் நிஷின் ஒன்பா நிறுவனத்தில் சுசுமு தமுரா வடிவமைத்தது, ஐபனெஸ் பெயரில் 1979 அளவில் டிஎஸ்808 ஆகவும், 1982இல் டிஎஸ்9 ஆகவும் வெளிவந்தது. அதே நிறுவனம் தன் சொந்தப் பெயரான மக்சனில் ஓடி808 என்றும் விற்கிறது. உள்ளே ஒரு விரியலாக்கிச் சில்லு. அதன் பின்னூட்டப் பாதையில் இரண்டு இருவாயிகள் எதிரெதிர்த் திசையில். நிலத்துக்குப் போகும் பாதையில் 4.7 கிலோ ஓம் தடையும் 0.047 மைக்ரோபரட் கொள்ளளவியும். உயர்தரத்தில் படித்த சூத்திரத்தில் இந்த இரண்டையும் போட்டுப் பார்த்தால் 720 ஹேர்ட்ஸ் வரும். அதற்கு மேலே உள்ளவை, டிறைவ் பூச்சியத்தில் இருந்தாலும்கூட, ஏறத்தாழப் 12 மடங்கு பெருக்கம் பெறுகின்றன. கீழே போகப்போகப் பெருக்கம் குறைந்து, 65 ஹேர்ட்ஸில் சமிக்ஞை மிகச் சிறிய பெருக்கத்தோடு வெளியே போகிறது. பேஸ் வெட்டி எறியப்படவில்லை, நடுப்பகுதி அதற்கு மேலே தூக்கி நிறுத்தப்படுகிறது. அதற்குப் பிறகு வரும் ரோன் பகுதி கூர்மையான மேல்மீடிறன்களை மழுக்குகிறது. இப்படி வடிவம் மாறிய சமிக்ஞை லெவலின் பலத்தோடு அம்புக்குள் நுழையும்போது, அம்ப் முதலில் வெட்டுவது நடுப்பகுதியை. அடிநாதம் அதற்குப் பின்னால் ஒழுங்காக வருகிறது. மாமா கேட்ட வலந்தலை இதுதான்.

நடுப்பகுதிக்கு இவ்வளவு பலம் இருப்பது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னில் வானொலி கேட்ட தலைமுறை எங்களுடையது. அந்த வானொலிகளின் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு. அடிநாதம் என்று ஒன்றே அதில் வராது. ஆனால் செய்தி வாசிப்பவரின் ஒவ்வொரு சொல்லும் விளங்கும், நாதஸ்வரத்தின் ஒவ்வொரு கமகமும் விளங்கும். மனிதக் குரலும் நாதஸ்வரமும் வாழ்கிற இடம் நடுப்பகுதி. மெற்றல் கிற்றாரும் அங்கேதான் வாழவேண்டும் என்று இன்றைக்கு அடித்துச் சொல்வேன். அறைக்குள் தனியே வாசிக்கும்போது பேஸ் நெஞ்சை நிரப்புவதாகத் தோன்றும். டிறமும் பேஸ் கிற்றாரும் சேர்ந்த உடனே அந்தக் கிற்றார் காணாமல் போய்விடும்.

பெடல்கள் என் கைக்கு வந்து சேர்ந்தது 2022இல். அந்த ஆண்டு எப்படி இருந்ததென்று இலங்கையில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியது. வெளிநாட்டுப் பொருள் எதையும் கடையில் வாங்க நினைக்க முடியாத காலம். எனக்கு வந்தவை எல்லாம் உறவாலும் நட்பாலும் வந்தவை. மச்சாள் வழியாக ஒரு டிஎஸ்9. பாரிஸிலிருந்து ஊருக்கு வந்த நண்பன், நிற்கும் வரைக்கும் வைத்திரு என்று தந்த மக்சன் ஓடி808. சுன்னாகத்தில் சவுண்ட்ஸ் வாடகைக்கு விடும் கூட்டாளியிடம் ஏற்கெனவே இருந்த பொஸ் எஸ்டி-1. அவனிடமே பிளாஸ்ரிக் கூட்டுக்குள் வரும் பெரிங்கர் ரிஓ800, டிஎஸ்808இன் மலிவான நகல். அத்தோடு பொஸ் ஜிஈ-7 ஈக்குவலைசர் ஒன்று.

ஒப்பிடுவதில் காது எங்களை ஏமாற்றும் என்பதைக் கூட்டாளிதான் முதலில் வலியுறுத்தினான். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் மிக்சருக்குப் பின்னால் நின்று பழகியவன். “சத்தம் கொஞ்சம் கூடினது எதுவோ அதைத்தான் நல்லதெண்டு சொல்லுவாய் மச்சான். முதல்லை எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வா” என்றான். போனில் ஒலி அளக்கும் செயலியை வைத்து ஒவ்வொரு பெடலின் லெவலையும் சரிப்படுத்தினோம். நான் ஒவ்வொரு முறையும் புதிதாக வாசித்தால் கை மாறிவிடும் என்பதால், ஒரே ரிஃபை லூப்பரில் பதிந்து, அதையே எல்லாப் பெடலுக்குள்ளும் அனுப்பினோம். ஒருவன் மாற்ற மற்றவன் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து கேட்டான்.

கேட்டதை உள்ளபடி எழுதுகிறேன். டிஎஸ்9, ஓடி808, பெரிங்கர் மூன்றையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கூட்டாளியாலும் முடியவில்லை. இணையத்தில் ஆட்கள் 808ஆ 9ஆ என்று ஆண்டுக்கணக்கில் சண்டை பிடிக்கிறார்கள். சுற்றுப்படத்தை வைத்துப் பார்த்தால், வெட்டும் பகுதி இரண்டிலும் ஒன்றேதான். முக்கிய வேறுபாடு வெளியேறும் இடத்தில் உள்ள இரண்டு தடைகள். 808இல் 100 ஓமும் 10 கிலோ ஓமும், 9இல் 470 ஓமும் 100 கிலோ ஓமும். டிறைவைப் பூச்சியத்தில் வைத்து ஹை கெயின் அம்புக்குள் தள்ளுகிற எங்கள் தேவைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பழைய 808 ஒன்றுக்குக் கொடுக்கும் காசை நினைத்தால் மனம் கனக்கிறது. சேகரிப்பதற்கு வாங்கினால் வாங்கட்டும். இறுக்கத்துக்காக என்றால் வேண்டாம்.

எஸ்டி-1 மட்டும் தனியாக நின்றது. பொஸ் அதை 1981இல் கொண்டுவந்தது, இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. ரியூப் ஸ்கிறீமரில் இரண்டு பக்கமும் ஒவ்வோர் இருவாயி, அலையின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே அளவில் வெட்டுப்படும். எஸ்டி-1இல் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு. வெட்டு சமச்சீரில்லாதது, அதனால் ஒலியில் ஒரு சொரசொரப்பு, கம்பியில் பிக் படுகிற கணத்தில் ஒரு கடிப்பு. ரியூப் ஸ்கிறீமர் அதைத் தேய்த்து வழுவழுப்பாக்கித் தருகிறது. ஏற்கெனவே கூர்மையான அம்பாக இருந்தால் அந்த வழுவழுப்பு நல்லது. என்னுடையது இருண்ட ஒலியுள்ள அம்ப், அதற்கு எஸ்டி-1 தான் பொருந்தியது. மெற்றல் கிற்றார்காரர் சக் வைல்ட் தன் மார்ஷல் அம்புகளுக்கு முன்னால் ஏன் இந்த மஞ்சள் பெட்டியை வைத்திருந்தார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஜிஈ-7. அது ஓவர்டிறைவே இல்லை, ஏழு மீடிறன்களுக்குத் தள்ளிகள் உள்ள ஈக்குவலைசர். 100, 200 ஹேர்ட்ஸ் தள்ளிகளை இறக்கி, 800ஐ ஏற்றி, லெவலைக் கூட்டி அம்புக்கு முன்னே வைத்தோம். இறுக்கம் வந்துவிட்டது! ஓவர்டிறைவ் தருகிற மெல்லிய அமுக்கம் இல்லை, அடிகள் கொஞ்சம் வெறுமையாக விழுந்தன. ஆனால் குழம்பல் போய்விட்டது. அப்படியானால் இந்த வேலையில் பெரும் பங்கு பெடலின் பெயருக்கோ சில்லுக்கோ உரியதல்ல, வெட்டுக்கு முன் பேஸின் எடையைக் குறைப்பதற்கு உரியது. அண்மைக் காலத்தில் இதற்கென்றே பெடல் செய்பவர்களும் இதை ஒப்புக்கொண்டுதான் செய்கிறார்கள். பெரிஃபெரி குழுவின் மிஷா மன்சூர் கொண்டுவந்த பிறிசிஷன் டிறைவில் பேஸை எவ்வளவு குறைப்பது என்பதற்கே தனித் திருகி ஒன்று உண்டு, இரைச்சலைத் தடுக்கும் கேற்றும் உள்ளேயே இருக்கிறது. மெஷுகா குழுவின் பிரெட்ரிக் தோர்டென்டாலுக்காக வந்த ஃபோர்ட்டின் 33இல் இருப்பதோ ஒரேயொரு திருகி. ஏழு, எட்டுக் கம்பிக் கிற்றாரை வைத்திருப்பவர்களுக்கு அவை பயன்படும். ஆறு கம்பிக்கு நான் அவற்றைத் தேடிப் போகமாட்டேன்.

பிறகு ஜிஈ-7ஐ எடுத்து அம்பின் எஃபெக்ற்ஸ் லூப்பில், அதாவது முன்விரியலாக்கியின் வெட்டுக்குப் பின்னால், மாட்டினேன். முன்னே எஸ்டி-1. லூப்பில் 100 ஹேர்ட்ஸைச் சற்று ஏற்றியதும் போன அடிநாதம் திரும்ப வந்தது, இந்த முறை குழம்பாமல். ஒரே மீடிறனை முன்னால் குறைத்துப் பின்னால் கூட்டுவது வீண் வேலைபோலத் தோன்றலாம். நடுவில் வெட்டு நடக்கிறபடியால் வீண் இல்லை. தொப்பியும் வலந்தலையும் ஒரே தவிலில் அடுத்தடுத்து இருப்பதைக் கண்டு வளர்ந்த எனக்கு இது இயல்பாகவே பட்டது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் நிலத்தொடுப்பு ஒழுங்காக இருப்பது அரிது. 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் அதன் மடங்குகளும் கிற்றாருக்குள் வந்து சேரும், ஹை கெயின் அவற்றையும் பெருப்பித்துக் காட்டும். மின்வெட்டில் இன்வேர்ட்டரில் ஓடினால் அதற்கென்று ஒரு கீச்சு. பெடலை 9 வோல்ற் பற்றறியில் ஓட்டினால் அமைதி. ஓவர்டிறைவ் பெடல் எடுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது, ஒரு பற்றறி நெடுநாள் தாங்கும். அம்பின் கெயினைக் குறைத்தாலும் அமைதி கூடும். பெடல் முன்னால் வந்ததும் கெயினைப் பாதிக்கும் கீழே இறக்க முடிந்தது, அடியின் வேகம் குறையவேயில்லை.

இவ்வளவு ஒப்பிட்ட பிறகும் ஒரு குறை மிஞ்சியிருந்தது. லூப்பரில் பதிந்த ரிஃப் இறுகி இருக்கும், இரவு நானே வாசித்தால் சில அடிகள் வழிந்து போகும். மாமா மறுபடி வந்தபோது இதை வாசித்துக் காட்டினேன். இந்த முறை அவர் அம்பைப் பார்க்கவில்லை, என் வலக்கையைப் பார்த்தார். பிறகு ஆறாம் கம்பியை விரலால் அமத்திப் பார்த்தார்.

“தோலே தளர்ந்து கிடக்கு தம்பி. வார் பிடிக்காமல் நீ எப்பிடி வாசிப்பாய்?”

அந்தக் கம்பி 46 தடிப்புள்ளது, வழமையான சுருதிக்குரியது. டிறொப் சி-க்கு இறக்கினால் தொய்ந்துவிடும். தொய்ந்த கம்பியை அடித்த உடனே சுருதி மேலே ஏறிப் பிறகு கீழே இறங்கும். அந்த ஆட்டத்தை எந்தப் பெடலாலும் திருத்த முடியாது. 56 தடிப்புக்கு மாற்றினேன். உள்ளங்கையைப் பிறிட்ஜுக்கு இன்னும் கிட்ட வைத்தேன், பிக்கைத் தடித்ததாக்கினேன். பின்னறையில் அன்று கேட்ட ஒலிதான் இத்தனை காலமும் என் தலைக்குள் இருந்த ஒலி. கூட்டாளி அதைத் தன் பெட்டிகளில் திறந்தவெளியில் போட்டுக் கேட்டான். வேலிக்கு அப்பால் நின்றும் ஒவ்வோர் அடியையும் எண்ண முடிந்தது.

என் தீர்ப்பு இது. ஒரே ஒரு பெடல்தான் வாங்கமுடியும் என்றால் எஸ்டி-1. அதற்கும் கையில் காசில்லை என்றால், கிடைக்கிற எந்த ரியூப் ஸ்கிறீமர் நகலும் போதும். டிறைவ் பூச்சியம், லெவல் முழுது, ரோன் நடுவில் தொடங்கி உங்கள் அம்புக்கேற்ப. அம்பின் கெயினை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக வையுங்கள். ஈக்குவலைசர் இருந்தால் லூப்பில் வையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் கிற்றார் பழகும் பிள்ளை ஒன்று உங்களிடம் பெடல் கேட்டால், அதோடு தடித்த கம்பிகளும் சேர்த்து அனுப்புங்கள். 11–54, 12–56 இங்கே எளிதில் கிடைப்பதில்லை. கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், ஆகவே ஒரு கட்டு காணாது. கடித உறைக்குள் அடங்கும் பொருள் அது, தபாலிலேயே வந்துவிடும்.